65,000 ரூபாயில் ஒரு விளையாட்டுக் கணினி



பிள்ளை விளையாடுவதற்கென்றே ஒரு கணினி வாங்கலாமா என்று திமிரியில் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. தொழுகையும் படிப்பும் தவறாதவரை, சூதும் ஆபாசமும் கலவாத விளையாட்டைத் தடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அது தனிப் பேச்சு. என் மகனுக்காக 2024 ஷவ்வால் மாதத்தில் உதிரிப்பாகங்களைத் தேர்ந்தெடுத்த விதத்தையே இங்கு எழுதுகிறேன்.

கையில் இருந்தது 65,000 ரூபாய். மானிட்டர் முன்பே வீட்டில் இருந்தது. பணத்தில் ஒரு பங்கு, மகன் சேர்த்து வைத்த பெருநாள் காசு. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், மாதத் தவணையில் இன்னும் 30,000 ரூபாய் சேர்த்தால் உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்றார். தவணைக்கு வட்டி உண்டு. பேச்சு அத்தோடு முடிந்தது. மகனின் முகம் வாடியது. ஆனால் இதற்குமேல் பணமில்லை என்றான பிறகே அவன் ஒவ்வொரு பாகத்தையும் கூர்ந்து நோக்கத் தொடங்கினான்.

இத்தகைய கணினியில் ஐந்தில் இரண்டு பங்குப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கே போவது முறை. ஆகவே ப்ராசசருக்கு ஏஎம்டி ரைசன் 5 5600 போதும் என்று முடிவு செய்தோம்: ஆறு கோர்கள், 65 வாட். புதிய ஏஎம்5 வகைக்குப் போனால் டிடிஆர்5 ரேமும் விலை கூடிய மதர்போர்டும் உடன் வரும். ரேம் 16 ஜிபி, ஒரே துண்டாக அன்றி 8 ஜிபி இரண்டாக. இரு தடங்களிலும் தரவு ஓடுவதால் வேகம் கூடும்.

கார்டில்தான் சிக்கல். பழைய ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, புதியதைவிடப் பல ஆயிரம் குறைவாகக் கிடைத்தது. எத்தீரியம் நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டுகளால் ஈட்டும் முறை 2022 செப்டம்பரில் நின்றது. அதுவரை இரவுபகலாக உழைத்த கார்டுகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. இது எங்கே ஓடியது என்று கேட்டேன். "நல்லா ஓடுது பாய்" என்பதே பதில். பழையதை விற்பது குற்றமன்று. குறையை மறைத்து விற்பதே குற்றம். நனைந்த தானியத்தை அடியில் வைத்திருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை மதரஸாவில் பாடமாக நடத்துபவன் நான். தோல் வாங்குபவர்கூட இருபுறமும் புரட்டிப் பார்த்துத்தான் விலை பேசுவார். கார்டின் உள்ளே புரட்டிப் பார்க்க நம்மால் இயலாது. பில்லும் வாரண்டியும் உள்ள புதிய ஆர்எக்ஸ் 7600 வாங்கினோம். அதில் 8 ஜிபிதான்; சில புதிய விளையாட்டுகளுக்கு அது பற்றாது என்று மகன் சொன்னதிலும் நியாயம் உண்டு.

நான் விட்டுக்கொடுக்க மறுத்த பாகம் எஸ்எம்பிஎஸ். கண்ணாடி முகப்பும் வண்ண விளக்குகளும் கொண்ட கேபினட்டோடு ஒன்றை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வீட்டில் ஏசி இல்லை. கார்டுக்கு 165 வாட், ப்ராசசருக்கு 65, மற்றவற்றையும் கூட்டினால் 300 வாட்டுக்குள் அடங்கும். 550 வாட் தாராளம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாது என்பதை மட்டுமே காட்டும், தரத்துக்கு முழு உத்தரவாதம் அன்று. எனவே ஐந்தாண்டு வாரண்டி உள்ளதைக் கேட்டு வாங்கினேன். கேபினட் கண்ணாடிக்குப் பதில், காற்றுப் புகும் வலை முகப்பு.

விண்டோஸை உரிமம் இல்லாமல் போட்டுத் தருவதாகவும் கடையில் சொன்னார்கள். இலவசம் என்றாலும் அது பிறர் உடைமை. லினக்ஸ் போட்டுக்கொண்டோம். ஏஎம்டி கார்டுக்கு அதில் தனி டிரைவர் தேட வேண்டியதில்லை. ஸ்டீமின் புரோட்டான் வழியாகப் பல விளையாட்டுகள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் அவன் நண்பர்கள் கூடி ஆடும் வாலரண்ட் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும். "இவ்வளவும் வாங்கி அது மட்டும் இல்லையே, அத்தா" என்றான். விண்டோஸ் உரிமத்துக்காக அவன் இப்போது தனியே காசு சேர்க்கிறான். பாதியை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.