பாந்தியன் சாலையில் ஒரு கைப்பிடி

சென்னையில் கைத்துப்பாக்கி என்று பேச்செடுத்தால் பெரியவர்களுக்கு உடனே இரண்டு இடங்கள் ஞாபகம் வரும். ஒன்று ராமாவரம் தோட்டம். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டது அங்கேதான். இன்னொன்று தி.நகர் பாண்டி பஜார். 1982 மே 19 அன்று பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஜனக்கூட்டத்துக்கு நடுவே துப்பாக்கியோடு மோதிக்கொண்ட இடம். இப்போது அங்கே அகலமான நடைபாதை போட்டுவிட்டார்கள். குழந்தைகள் ஐஸ்க்ரீம் கையில் வழிய நடந்து போகிறார்கள்.

என் பயணம் சுட்டவர்களைத் தேடியது இல்லை. துப்பாக்கியில் யாரும் கவனிக்காத ஒரு பாகம் இருக்கிறது, கைப்பிடி. அதன் சொரசொரப்பு எதற்கு, அதன் தலையில் இப்போதெல்லாம் பொருத்துகிறார்களே ஒரு சின்னக் கண்ணாடி, அது எதற்கு என்று தெரிந்துகொள்ள ஆசை. ஆசைக்குக் காரணம் என் அண்ணன் மகள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மயிலாப்பூர் போய்விடலாம்.

மயிலாப்பூரில், கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலையில் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் அலுவலகம் இருக்கிறது. மெரினாவுக்குப் போகிற அவசரத்தில் நாம் அதைத் தாண்டிப் போய்விடுவோம். 1849-ல் மதராஸில் ஆரம்பித்த ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம்தான் இதன் வேர். பொதுமக்கள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க இது காட்சிக்கூடம் இல்லை. வெளியே நின்று போர்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால், கைப்பிடியின் கதை இங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

சினிமாவில் கைத்துப்பாக்கியைக் கைக்குட்டையால் சுற்றி எடுத்து, 'கைரேகை கிடைச்சிடும் சார்' என்று இன்ஸ்பெக்டர் சொல்வார். நிஜத்தில் கைப்பிடியில் நல்ல ரேகை கிடைப்பது அபூர்வம். ரேகை பதிய வழுவழுப்பான பரப்பு வேண்டும். கண்ணாடி டம்ளர், எவர்சில்வர் தட்டு மாதிரி. துப்பாக்கியின் பிடியோ கட்டம் கட்டமாகக் கீறியோ, புள்ளி புள்ளியாகக் குத்தியோ இருக்கும். விரல் கோடுகள் அந்த மேடு பள்ளத்தில் துண்டு துண்டாகிவிடும். ஆனால், அதே சொரசொரப்பு தோலைச் சுரண்டித் துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால், ரேகை நிபுணர் கைவிட்ட பிடியில் மரபணுப் பரிசோதனைக்குப் பஞ்சால் துடைத்து எடுப்பார்கள். கை நழுவாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, ஆளையும் நழுவ விடுவதில்லை.

அந்தப் புள்ளி குத்தும் வேலை நமக்குப் புதிதா என்ன? 'அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ' என்று மயிலாப்பூர் மாடவீதிகளிலும் மாம்பலத்துத் தெருக்களிலும் ஒரு காலத்தில் குரல் வரும். தேய்ந்து வழுவழுத்த அம்மியில் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டுப் போவார்கள். மிளகாய் வழுக்காமல் அரைபடும். துப்பாக்கிக்காரர்கள் செய்வதும் அதுவேதான். அவர்களுடைய உளி சின்னது, அம்மி விலை உயர்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறி, குட்டி வைர வடிவங்களாகச் செய்வது இன்னொரு முறை. ஓர் அங்குலத்துக்கு இருபது கோடு என்றால் முரடு, உள்ளங்கையில் முள் மாதிரி ஏறும். முப்பது கோடு என்றால் பட்டு. அதிகாரியின் இடுப்பில் நாளெல்லாம் கிடக்கிற துப்பாக்கிக்கு ரொம்ப முரடான பிடி போட்டால் சட்டைதான் முதலில் கிழியும்.

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு தாண்டி நாலாவது நிறுத்தம் எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போகலாம். பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகம் அங்கேதான். சிவப்பு நிறத்தில் கம்பீரமாக நிற்கிற அந்தக் கட்டடம் அருணகிரி முதலியார் என்பவருக்குச் சொந்தமாக இருந்தது. 1842-ல் மாதம் 165 ரூபாய் வாடகைக்குப் போலீஸ் எடுத்துக்கொண்டது. 1856-ல் 21,000 ரூபாய்க்கு வாங்கியே விட்டார்கள். இன்று அந்தப் பணத்துக்கு எழும்பூரில் ஒரு மாத வாடகைக்கு வீடு கிடைத்தால் அதிர்ஷ்டம். 2013-ல் கமிஷனர் அலுவலகம் வேப்பேரிக்குப் போனது. 2021 செப்டம்பரில் இது காவல் அருங்காட்சியகம் ஆனது.

உள்ளே பழைய சீருடைகள், வயர்லெஸ் கருவிகள், கள்ளநோட்டு என்று நிறைய இருக்கின்றன. நான் நேரே ஆயுதங்கள் இருக்கிற பக்கம் போய்விட்டேன். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் ஒன்று புரியும். குழல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி. மாறிக்கொண்டே வருவது பிடிதான். ரிவால்வரின் பிடி கொக்குக் கழுத்து மாதிரி வளைந்து இறங்கும். தானியங்கிப் பிஸ்டல் வந்ததும் குண்டுப் பெட்டியைப் பிடிக்குள்ளேயே வைத்தார்கள். பிடி பட்டையாக, நேராக, பெரிதாக ஆகிவிட்டது. நம் நாட்டுப் படைகளிலும் போலீஸிலும் பல காலமாக இருக்கிற, இச்சாப்பூர் தொழிற்சாலை தயாரிப்பான 9 எம்.எம். பிஸ்டல் இந்த ரகம். சின்னக் கைக்காரர்களுக்கு அப்போது வழியே இல்லை. துப்பாக்கிக்கு ஏற்ற கை வேண்டும். கைக்கு ஏற்ற துப்பாக்கி என்ற யோசனை ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. 2010-ல் க்ளாக் கம்பெனி தன் நான்காம் தலைமுறைப் பிஸ்டலில் பிடியின் முதுகுப் பகுதியை மட்டும் கழற்றி மாற்றுகிற வசதி கொடுத்தது. செருப்புக்கு நம்பர் இருப்பது மாதிரி, பிடிக்கும் அளவு வந்தது.

இந்த வளாகத்தில்தான் சென்னை ரைபிள் கிளப்பும். 2021 பிப்ரவரியில் நடிகர் அஜித் டாக்ஸி பிடித்து இந்தக் கிளப்புக்குக் கிளம்பி, வேப்பேரியில் இருக்கும் புதிய கமிஷனர் அலுவலகத்தில் போய் இறங்கிய செய்தி அப்போது எல்லாரும் படித்ததுதான். அங்கிருந்த போலீஸார் வழி சொல்லி எழும்பூருக்கு அனுப்பிவைத்தார்கள். மாநிலப் போட்டியில் அவர் பதக்கம் வாங்கியதும், 2022-ல் திருச்சிப் போட்டிக்குப் போனபோது கூடிய கூட்டமும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மத்தியில் இந்த விளையாட்டுக்கு ஒரு கவர்ச்சியைக் கொடுத்தன. 2024 ஜூலை 28-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியதும் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணன் குடும்பம் அடையாறில். மகளுக்குப் பதினான்கு வயது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தில் ஏர் பிஸ்டல் கற்றுக்கொள்கிறாள். "பொம்பளப் பிள்ளைக்குத் துப்பாக்கி எதுக்குடா?" என்று அம்மா இரண்டு நாள் அண்ணனோடு பேசவில்லை. அண்ணனுக்கு வேறு கவலை. கூடத்துப் பொதுத் துப்பாக்கியில் அவள் மதிப்பெண் ஏறவில்லை. வெளிநாட்டுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தால் ஏறும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும். நகைக்கடன் வரை யோசித்துவிட்டார்.

எழும்பூருக்கு அவளும் என்னோடு வந்திருந்தாள். காவல் அருங்காட்சியகப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது கேட்டேன்.

"உனக்கு என்னடி கஷ்டம்? குறி தெரியலையா?"

"குறி நல்லாத் தெரியுது அத்தை. பிடிதான் பெருசு. பத்து ஷாட்டுக்கு ஒருதரம் கை உள்ளே புரளுது. நம்ம ஊர் வேர்வை வேற."

அவள் சொன்னதன் எடை, கணக்குப் போட்டால் தெரியும். ஏர் பிஸ்டல் போட்டியில் தூரம் 10 மீட்டர். நடுவில் இருக்கும் பத்தாம் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஒரே கையால் பிடித்து, 75 நிமிஷத்தில் 60 முறை சுட வேண்டும். துப்பாக்கியின் பின்னால் ஒரு காடி, முன்னால் ஒரு முள். இரண்டுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர். முள் காடிக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் அட்டையில் 3 சென்டிமீட்டர் விலகும். பத்து வாங்க வேண்டியவள் ஏழு வாங்குவாள். உள்ளே புரளுகிற பிடி ஒரு மில்லிமீட்டரோடு நிற்குமா?

இதனால்தான் போட்டித் துப்பாக்கிகளின் பிடியை வால்நட் மரத்தில், கை அச்சு மாதிரி செதுக்குகிறார்கள். கட்டைவிரலுக்கு ஒரு திண்டு, உள்ளங்கைக்கு ஒரு மேடு, கீழே கை தங்க ஒரு தட்டு. அதையும் அப்படியே யாரும் வைத்துக்கொள்வதில்லை. இடிக்கிற இடத்தில் அரம் போட்டு ராவுவார்கள். இடைவெளி இருக்கிற இடத்தில் மரப்புட்டி வைத்து, கையை அழுத்தி அச்செடுத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போடுவார்கள். பெரிய வீரர்களின் துப்பாக்கியைப் பார்த்தால் பல் டாக்டர் வேலை செய்த மாதிரி அங்கங்கே அடைத்திருக்கும். விதி ஒன்று உண்டு. பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது. ஆட வேண்டிய மணிக்கட்டை ஆடாமல் வைப்பது வீரரின் பொறுப்பு.

"அப்போ மேல அந்தச் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி வெச்சுக்கிட்டா?" என்றேன்.

"அது எங்க போட்டியில கிடையாது அத்தை. தூக்கி வெளியே போட்டுருவாங்க."

உண்மை. ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் லென்ஸ், லேசர் எதையும் துப்பாக்கியில் பொருத்த அனுமதி இல்லை. முள்ளும் காடியும் மட்டும்தான். சிவப்புப் புள்ளி போலீஸ், ராணுவப் பிஸ்டல்களின் சமாசாரம். வேலை செய்கிற விதம் அழகு. ஒரு குட்டி விளக்கின் ஒளி, சாய்ந்த வளைந்த கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும். தூரத்தில் இலக்கின் மேலேயே ஒரு சிவப்புப் பொட்டு மிதக்கிற மாதிரி தெரியும். காடி, முள், இலக்கு என மூன்றையும் கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. நாற்பது வயதுக்கு மேல் மூக்குக்கண்ணாடி போட்டவர்களைக் கேளுங்கள், இந்தக் கஷ்டம் புரியும். புள்ளி இருந்தால் இலக்கை மட்டும் பார்த்தால் போதும்.

பொருத்துவதில்தான் தலைவலி. ஒவ்வொரு முறை சுடும்போதும் பிஸ்டலின் மேல்பாகம் படாரென்று பின்னால் போய் முன்னால் வரும். கண்ணாடி உட்கார்ந்திருப்பது அதன் முதுகில், பெரும்பாலும் இரண்டே சின்ன ஸ்க்ரூவில். 2015-ல் க்ளாக், கண்ணாடி வைப்பதற்கென்றே மேல்பாகத்தில் இடம் வெட்டிய மாடலைக் கொண்டுவந்தது. ஆனால், ஒவ்வொரு கம்பெனிக் கண்ணாடிக்கும் ஓட்டை வேறு வேறு இடத்தில் இருக்கும். பழைய மொபைல் சார்ஜர்கள் மாதிரி. நடுவில் ஒரு தகடு வைத்துச் சமாளிக்கிறார்கள். தகடு இம்மி ஆடினாலும் குறி போச்சு. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஸ்க்ரூ பசை வைத்து, சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்கி, ஸ்க்ரூ தலையிலிருந்து உடம்பு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு உடைந்து தெரிந்தால் ஸ்க்ரூ திரும்பிவிட்டது என்று அர்த்தம். நம் மெக்கானிக் கடைகளிலும் இந்தக் கோடு உண்டு.

இவ்வளவு செய்தும் புதிதாகப் பழகுகிறவர்கள் துப்பாக்கியை உயர்த்தியதும் திருதிருவென்று விழிப்பார்கள். புள்ளியே தெரியாது! மணிக்கட்டு கொஞ்சம் மேலே கீழே இருந்தால் புள்ளி அந்தச் சின்ன ஜன்னலுக்கு வெளியே போய்விடும். முள்ளும் காடியுமாவது எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும். கண்ணாடி காலியாக நிற்கும். கை தினமும் ஒரே மாதிரி ஒரே இடத்தில் பிடித்தால்தான் புள்ளி வீட்டுக்கு வரும். கண்ணுக்குச் செய்த கருவி, கடைசியில் கையைத்தான் சோதிக்கிறது.

அதே பாந்தியன் சாலையில் நடக்கிற தூரத்தில் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. சிலைகளையும் திமிங்கில எலும்புக்கூட்டையும் பார்க்கப் போகிறவர்கள் ஆயுதப் பகுதியில் இரண்டு நிமிஷம்கூட நிற்பதில்லை. நாங்கள் ஒரு மணி நேரம் நின்றோம். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதக் கிடங்கில் இருந்தவை பல இங்கே இருக்கின்றன. 1855-ல் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபின், கிடங்கின் பெரும்பகுதி உடைத்துப் பழைய உலோகமாகப் போய்விட்டது. தப்பியவற்றை ஆராய்ந்துதான் ராபர்ட் எல்குட் என்ற ஆங்கில அறிஞர் 2004-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார்.

கட்டாரியைப் பாருங்கள். சாதாரணக் கத்தி மாதிரி பிடி நீளவாக்கில் இருக்காது. இரண்டு பக்கக் கம்பிகள், நடுவில் ஏணிப்படி மாதிரி குறுக்குக் கட்டை. அதை முஷ்டியால் பற்றினால் அலகு முன்னங்கையின் நேர்க்கோட்டில் நிற்கும். மணிக்கட்டு மடங்கவே வழியில்லை. தஞ்சாவூர்க் கட்டாரிகள் சிலவற்றில் புறங்கையை மூடுகிற மாதிரி உலோகத்தில் ஒரு சிப்பி வேறு. பக்கத்தில் இருக்கும் வாள்களின் பிடி முனையில் தட்டு மாதிரி ஒன்று இருக்கும். கை அதற்கும் காப்புக்கும் நடுவே இறுக்கமாக அடைந்து நிற்கும். நழுவுவதற்கு இடமே கொடுக்கவில்லை. குறுக்குக் கட்டைகளில் இரட்டை வளையம், குமிழ், பூவேலை. அழகுக்கு மட்டும் இல்லை, வேர்வைக் கைக்கும்தான்.

அண்ணன் மகள் கண்ணாடிப் பெட்டியோடு தன் முஷ்டியை ஒட்டி வைத்து அளந்து பார்த்தாள். பல பிடிகள் அவள் கைக்கே சரியாக இருக்கும் போலிருந்தது. "பிடிச்சவங்க கை சின்னதுதான் போல" என்றாள். பிறகு போனில் படமெடுத்து அவள் அப்பாவுக்கு அனுப்பினாள்.

துப்பாக்கி வாங்குவதை அண்ணன் ஒரு வருஷம் தள்ளி வைத்திருக்கிறார். பயிற்சியாளரிடம் கேட்டு, இப்போதைக்குக் கூடத்துத் துப்பாக்கிக்கே மிகச் சின்ன அளவில் ஒரு மரப்பிடி மட்டும் வாங்கிக் கொடுத்தார். அரம் போடும் வேலையை அவள் பால்கனியில் உட்கார்ந்து செய்கிறாள். மரத்தூள் துணியில் படுகிறது என்று அம்மா இப்போது பேச ஆரம்பித்துவிட்டார்.

நீங்கள் போவதானால் காலையில் கிளம்புங்கள். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காவல் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு அங்கே போனால், துப்பாக்கிப் பிடி கண்ணில் இருக்கும்போதே கட்டாரியைப் பார்க்கலாம்.