நீதிபதியின் ஆயுதம்

சரித்திர பாடம் நடத்தும் நமக்கு, வீரன் என்றால் வாளும் குதிரையும் உள்ளவன் என்று சொல்லியே பழகிவிட்டது. சென்ற வாரம் ஒரு மாணவன் எழுந்து, "ஸார், கையில் ஆயுதமே இல்லாத வீரன் உண்டா?" என்று கேட்டுவிட்டான். புத்தகத்தை மூடிவிட்டு, இத்தாலி தேசத்து நீதிபதி ஒருவரின் கதையைச் சொன்னோம்.

ஜோவன்னி பால்கோனே 1939-ல் ஸிஸிலித் தீவின் பாலெர்மோ நகரில் பிறந்தவர். மாபியா என்னும் கொலைகாரக் கூட்டத்திற்கு அந்நகரம் ஒரு கோட்டை. கொலையைக் கண்ணால் கண்டவனும் அங்கே வாய் திறவான். சாட்சி இல்லாத ஊரில் விசாரணை நீதிபதி என்ன செய்வார்? பால்கோனே மனிதரை விட்டுக் காகிதத்தை விசாரித்தார். போதைச் சரக்கு திருட்டுத்தனமாகக் கடல் கடக்கலாம். அதன் கிரயம் ஏதாவதொரு பாங்கியின் வழியாகத்தானே வரவேண்டும்? செக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒத்துப் பார்த்தார். மனிதன் பயப்படுவான், பேரேட்டுக்குப் பயம் ஏது?

1984-ல் அக்கூட்டத்தைச் சேர்ந்த புஷெட்டா என்பவனே அவரிடம் உண்மையைக் கக்கினான். மறு வருஷம், உயிருக்கு ஆபத்து முற்றவே, பால்கோனேயையும் அவருடைய சகா பொர்ஸெல்லினோவையும் குடும்பத்துடன் அஸினாரா என்னும் சிறைத் தீவுக்கு அனுப்பினார்கள். குற்றப் பத்திரிகை அங்கே தயாராயிற்று. அதன் பிறகு சர்க்கார் செய்த காரியம் என்ன தெரியுமா? தீவில் தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் அவர்களிடம் பணம் கேட்டது!

1986-ல் வழக்கு ஆரம்பமாயிற்று. எதிரிகள் 475 பேர். 1987 டிஸம்பரில் முந்நூறு பேருக்கு மேல் தண்டனை பெற்றார்கள். மறு மாதமே, விசாரணை நீதிபதிகளின் தலைமைப் பதவி பால்கோனேக்கு இல்லையென்று மேலிடம் வேறொருவரை நியமித்தது. 1989-ல் அவருடைய கடற்கரை வீட்டருகே வெடி வைத்தார்கள், தப்பினார். 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை ஊர்ஜிதம் செய்தது. அவ்வாண்டு மே 23-ந் தேதி, விமான நிலையத்திலிருந்து வரும் சாலைக்கடியில் புதைத்த வெடி, அவரையும், தாமும் நீதிபதியான அவர் மனைவி பிரான்செஸ்காவையும், மூன்று காவலர்களையும் மாய்த்தது. ஐம்பத்தேழாம் நாள் பொர்ஸெல்லினோவும் ஐந்து காவலர்களும் மாண்டனர்.

அப்போதுதான் பாலெர்மோவாசிகள் வெள்ளைத் துப்பட்டிகளில் வாசகங்கள் எழுதி, ஜன்னல்தோறும் தொங்கவிட்டார்கள். வாய் திறக்க அஞ்சிய ஊர் துணியினால் பேசிற்று.

கதை முடிந்ததும் அந்த மாணவன், "அந்தச் சாப்பாட்டுப் பணத்தை அவர்கள் கட்டினார்களா, ஸார்?" என்று கேட்டான்.

"கட்டினார்கள்" என்றோம். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.