மலிவு வண்டியின் முழுக் கணக்கு

மலிவான பொருளை அரபு மொழியில் 'ரகீஸ்' என்பர். மென்மை, இளகுதல் என்னும் பொருள்களும் அச்சொல்லின் வேரில் அடங்கியுள்ளன. பயணிக்கும் நோயாளிக்கும் மார்க்கச் சட்டம் வழங்கும் சலுகையைக் குறிக்கும் 'ருக்ஸா' என்ற சொல்லும் அதே வேரினின்று பிறந்ததே. இன்றைய அரபு நாடுகளில் அரசாங்கம் தரும் உரிமத்துக்கும் ருக்ஸா என்றே பெயர். மலிவும் உரிமமும் ஒரே வேரில் கிளைத்திருப்பதை எத்தனையோ ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவ்விரண்டும் ஒரு பழைய காரின் உருவில் காரைக்குடியில் எம் தமக்கை வீட்டு முற்றத்தில் வந்து நிற்கும் என்று மட்டும் நாம் எண்ணியதில்லை.

எம் தமக்கை மகன் பாலிடெக்னிக் படித்தவன். தனியார் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். தகப்பனை இழந்த பிள்ளை. நல்ல உழைப்பாளி. அவன் மீது நமக்குள்ள பிரியத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பின்னால் எழுதப் போவதை வாசகர்கள் அவன்மேல் கூறும் குற்றச்சாட்டாகக் கொள்ளலாகாது. மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் இரவு, இஷாவுக்குப் பின் அவன் தன் கைப்பேசியில் சில படங்களை நமக்குக் காட்டினான். கூரையைத் தாழ்த்தி, சக்கரத்தின் மேல் மூடியைக் கழற்றி, எஞ்சினை வெளியே தெரியவிட்டு, செக்கச் சிவந்த வண்ணம் பூசிய பழங்காலக் கார்கள். "இதுக்கு ஹாட் ராட்னு பேரு மாமா. காசு இல்லாத பசங்க கண்டுபிடிச்சது" என்றான்.

அவன் சொன்னது பொய்யன்று. ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை உருவாக்கிய 'மாடல் டி' கார்கள் ஒன்றரைக் கோடி. அடுத்து வந்த 'மாடல் ஏ' கார்களும் நாற்பது இலட்சத்துக்கு மேல். 1930களில் இவை கலிஃபோர்னியாவின் பழைய இரும்புக் கிடங்குகளில் அற்ப விலைக்குக் கிடந்தன. அப்பகுதி இளைஞர்கள் ஒன்றை வாங்கி, எடையைக் குறைக்கத் தேவையற்ற தகடுகளை எல்லாம் கழற்றி எறிந்து, எஞ்சினை மட்டும் வலுப்படுத்தி, மூரோக் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு வெளியிட்ட எட்டு சிலிண்டர் எஞ்சின் அவர்களுக்குப் பெருவரமாயிற்று. 1937இல் சங்கம் கண்டார்கள். 1948 ஜனவரியில் இதற்கென்றே ஒரு மாத இதழும் தோன்றிவிட்டது. குப்பைக்குச் சென்ற பொருளைத் தன் கைத்திறனால் மீட்டவனின் கலை அது. அதை நாம் இகழமாட்டோம். ஆயினும் அக்கலை மலிவாயிருந்ததற்குக் காரணம், உதிரிப் பாகம் தெருவுக்குத் தெரு கிடந்ததே. இதை அன்றிரவு நாம் யோசிக்கவில்லை.

செட்டிநாட்டில் பழம்பொருள் என்றால் மலிவு என்ற மயக்கம் எளிதில் பிறக்கும். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இடிக்கப்பட்ட மாளிகைகளின் பர்மாத் தேக்குக் கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் அடுக்கிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின் கார் கொட்டகையில் 1964ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று கிடப்பதை அவன் எப்படியோ அறிந்துகொண்டான். சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட கார் அது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டே இங்கு ஸ்டாண்டர்டு என்ற பெயரில் ஓடியது. வடிவம் வகுத்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். எம் இளமையில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் அதில் செல்லக் கண்டிருக்கிறோம். அதன் முன்பகுதி முழுவதும், சக்கர மூடிகளோடு சேர்ந்து, பெட்டியின் மூடியைப் போல் முன்புறமாகத் திறந்து கவிழும். கூரையோ போல்ட்டுகளால் பூட்டப்பட்டது, கழற்றி வைத்துவிடலாம். உடல் வேறு, சேஸிஸ் வேறு. "நமக்காகவே செஞ்ச வண்டி மாமா" என்று அவன் குதித்ததற்கு இவ்வளவும் காரணம்.

விலை 40,000 ரூபாய். பழைய இரும்புக் கடைக்காரர் சொன்ன தொகையைவிடச் சற்றே அதிகம். பதிவுப் புத்தகம் பத்திரமாக இருந்தது. அவன் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினான்: கார் 40,000; ஜிப்ஸியிலிருந்து கழற்றிய 1,300 சிசி எஞ்சின் கியர் பெட்டியோடு 35,000; டிங்கரிங் 30,000; பெயிண்ட் 25,000; டயர் 16,000; சில்லறை 14,000. ஆக 1,60,000. ஆறே மாதம். பிறகு திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டால் ஓராண்டில் முதல் திரும்பிவிடும்.

அந்தப் பணத்தில் 1,50,000 எம் தமக்கையிடமிருந்து வந்தது. மச்சான் மறைந்தபின் அவர் ஹஜ்ஜுக்கென்று தனியே சேர்த்து வைத்திருந்த தொகையின் பெரும்பகுதி அது. "ஆறு மாசந்தானே, அடுத்த விண்ணப்பத்துக்குள்ள தந்துருவேன்மா" என்றான் மகன். தமக்கை நம் முகத்தைப் பார்த்தார். நாம் தலையசைத்தோம். எழுதி வைக்கவில்லை. கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதி வைக்குமாறும் சாட்சிகளை நிறுத்துமாறும் பணிக்கும் பகரா அத்தியாயத்து வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். அதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறவர் நாம். தாய்க்கும் மகனுக்கும் இடையே தாள் எதற்கு என்று எண்ணிவிட்டோம்.

முதல் அடி துருவிலிருந்து விழுந்தது. எம் ஊரிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்ச ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்தது. இரும்பை அரிக்கும் துருவை ஆராய்வது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. அதன் வாசல் வழியாக அன்றாடம் போய்வருகிற நாங்கள் துருவைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்தோம். ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருவாகும். துரு தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மேலுள்ள வண்ணத்தை உள்ளிருந்தே தூக்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் ஓர் அங்குலமானால் அடியில் ஒரு சாண் போயிருக்கும். கால்மிதி விரிப்பின் கீழ் பல மழைக்காலத்து ஈரம் தங்கியிருந்த காரின் தரை, கை வைத்த இடத்திலெல்லாம் அப்பளமாக நொறுங்கிற்று. முதற்பட்டறைக்காரர் அதன்மேல் தகட்டைப் பொட்டு வெல்டிங் வைத்து, பட்டியை அப்பி, மினுமினுப்பாக்கி 30,000 ரூபாய் பெற்றுக்கொண்டார். நான்கு மாதத்தில் பட்டி விண்டு விழுந்தது. வேறொரு பட்டறையில் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு அடித்தபோது கூலியும் பொருளுமாக 58,000.

எஞ்சினின் கதை வேறு வகை. ஹெரால்டின் சொந்த எஞ்சின் 948 சிசி; சுமார் 35 குதிரைத்திறன். ஜிப்ஸியினது ஏறக்குறைய இருமடங்கு ஆற்றலுடையது. அதை உட்கார வைக்கத் தாங்கிகளை லேத்தில் கடைந்தாக வேண்டும். கியர் பெட்டி மாறியதால் பின்னச்சுக்குச் செல்லும் தண்டின் நீளம் ஒவ்வவில்லை. ரேடியேட்டர் போதாது. வேகம் கூடினால் டிரம் பிரேக் போதாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹெரால்டின் பின்னச்சு இருபுறமும் தனித்தனியே ஊசலாடும் அமைப்புடையது. வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்சக்கரங்கள் உட்புறமாக மடங்கி வண்டி நிலைகுலையும் என்பது அக்காரின் பிறவிக் குறை. 35 குதிரைக்கே அப்படியானால் 70 குதிரைக்கு என் செய்வது? வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சையும், வரவுக்கு மேற்பட்ட செலவையும் அருகருகே வைத்ததன் பொருத்தம், அந்த மசகெண்ணெய் படிந்த பட்டறை வாசலில் நின்றபோதுதான் நமக்கு முழுதும் விளங்கிற்று. ஒரு பாகத்தை மாற்றுகிறவன் ஒரு பாகத்தை மாற்றுவதில்லை. அதைத் தாங்கும் ஐந்தையும் மாற்றுகிறான். விலைப்பட்டியலில் முதலாவது மட்டுமே இருக்கும்.

ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் எம் ஜமாஅத்தில் உண்டு. ஒரு ஜும்ஆவுக்குப் பின் அவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னோம். அவர் திடுக்கிட்டார். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு: தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களினின்று வேறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று அளித்த தீர்ப்பிலும் இதை உறுதி செய்துள்ளது. வண்ணம் மாற்றலாம், சிறு பொருத்துகள் செய்யலாம். அதே தயாரிப்பில் அதே வகை எஞ்சினை அனுமதி பெற்று மாற்றலாம். அதற்கு மேல் இல்லை. 2019இல் செய்த திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "எஞ்சின், கூரை, சக்கர மூடி, ஸ்டியரிங்... எண்ணிக்கொள்ளுங்கள் ஹஜ்ரத்" என்றார். நாம் எண்ணினோம். ஹாட் ராட் என்ற பெயரே மாற்றங்களின் தொகைக்குத்தானே வழங்குகிறது!

அவர் இன்னொன்றும் சொன்னார். 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கெனத் தனி விதி வகுத்தது. முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் பேணப்படும் கார்களுக்கு அதன்படி பதிவு பெறலாம். கட்டணம் 20,000, பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. இந்த ஹெரால்டு அதற்குத் தகுதியானது, கைவைக்காமல் இருந்தால். ஆனால் அவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எடுத்துச் செல்லலாமே தவிர, அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது. திருமண ஊர்வலக் கணக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

அன்றிரவு மருமகன் சாப்பிடவில்லை என்று தமக்கை சொன்னார். மறுநாள் சுப்ஹுக்குப் பின் எம் வீட்டுக்கு வந்து, "பழையபடியே ஆக்கிடுறேன் மாமா" என்றான். கடைந்த தாங்கிகள் பழைய இரும்புக்குப் போயின. அவற்றுக்கு ஆன 17,000மும் போயிற்று. 38,000 கொடுத்து வாங்கிய ஜிப்ஸி எஞ்சின் தார்ப்பாயால் மூடப்பட்டுக் கிடக்கிறது. இதுவரை யாரும் 15,000க்கு மேல் கேட்கவில்லை. சொந்த எஞ்சினைப் பிரித்து, போர் அடித்து, புதுப் பிஸ்டன் போட 41,000. ஹெரால்டின் ரப்பர் பட்டைகளும் கண்ணாடிகளும் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்கும் மதுரைக்கும் அவன் எத்தனை முறை பேருந்தேறினான் என்று கணக்கில்லை. பயணச் செலவு மட்டும் 14,000 என்று பிறகு கண்டோம். தயாரித்த நிறுவனம் 1980களின் இறுதியிலேயே கார் உற்பத்தியை நிறுத்திவிட்டபடியால் புதுப் பாகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சில பொருள்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. சுங்க வரி பொருளின் விலையோடு போட்டியிட்டது.

கடந்த ரமழானில் தராவீஹ் முடிந்து வந்து இருவரும் உட்கார்ந்து எல்லா ரசீதுகளையும் கூட்டினோம். இருபத்திரண்டு மாதம், 3,76,000 ரூபாய். பதிவுக் கட்டணம் இதில் சேரவில்லை. அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகளும் சேரவில்லை, தொண்ணூறுக்குக் குறையா. கூலி போட்டால் என்ன வரும் என்று கேட்டோம். "அதுக்குக் கூலி வேணாம் மாமா, அது சந்தோஷமா செஞ்சது" என்றான். அதை நாம் மறுக்கவில்லை. முதன்முறையாக அந்த எஞ்சின் உயிர்பெற்றுச் சீராக ஒலித்த மாலையில் அவன் முகத்தில் கண்ட ஒளியை நாம் வேறெங்கும் கண்டதில்லை. வெல்டிங் பிடிக்கவும் வயரிங் இழுக்கவும் இப்போது அவனுக்குத் தெரியும். அவற்றைச் செலவுப் பக்கத்தில் எழுதுவது அநீதி.

எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் நாம் திகைத்தது வேறொன்று. எம் தமக்கை அறுபதைக் கடந்தவர். முழங்கால் வலி ஆண்டுக்காண்டு ஏறுகிறது. வசதி கூடிக் கடமையாகிவிட்ட ஹஜ்ஜைத் தள்ளிப்போட்டு இரண்டு விண்ணப்பக் காலங்கள் கடந்துவிட்டன. அவருடன் மஹ்ரமாகச் செல்ல வேண்டியவர் நாமே. ஹஜ் கமிட்டி அறிவிப்பு வந்ததும், "தம்பி, இந்த வருஷம் பேர் கொடுக்கலாமா?" என்று மட்டும் கேட்பார். மகனைக் கேட்கமாட்டார். நாம் ஏதோ சமாதானம் சொல்லி எழுந்துவிடுவோம். கார் வண்ணம் பூசப்படும் நாளில் எந்த நிறம் என்று அவரிடம் மகன் கேட்டானாம். "வெள்ளையா அடி" என்றாராம். இஹ்ராம் உடையின் நினைவில் சொன்னாரா, வெயிலுக்கு நல்லது என்று சொன்னாரா, நாம் கேட்கவில்லை.

கணக்குக் கூட்டிய அன்றே ஒரு புதிய நோட்டில் எழுதினோம். கடன் 1,50,000. திருப்பியது 64,000. மீதி 86,000, மாதம் 8,000 வீதம், கடைசி மாதம் 6,000. மருமகன் கையெழுத்திட்டான். தமக்கை எழுதத் தெரிந்திருந்தும் கூச்சப்பட்டுப் பெருவிரல் ரேகை வைக்கிறேன் என்றார். விடவில்லை, கையெழுத்தே வாங்கினோம். சாட்சிகளாக நாமும், அந்த ஆய்வாளரும். இரண்டு வருடம் தாமதித்து எழுதப்பட்டது என்பதையும் கீழே குறித்திருக்கிறோம். ஜிப்ஸி எஞ்சின் விற்றால் அந்தத் தொகை முழுவதும் தாய்க்கே சேரும் என்பது கடைசி வரி; அதை அவனாகவே சொல்லி எழுதச் செய்தான்.

வெள்ளை ஹெரால்டு முற்றத்தில் நிற்கிறது. பதிவு விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. போன மாதத் தவணையை ஏழாம் தேதியே கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.