ஆயாவின் ஜெபத்தில் எங்கள் ஊர்

எங்கள் வீட்டில் யாரும் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் இல்லை. மழை, மிளகு விலை, காட்டுப்பன்றி தோண்டிப்போட்ட மரவள்ளி என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவோம். பயத்தைப் பேச மாட்டோம். அப்பாவுக்கு எவ்வளவு கடன் என்று அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. கொல்லிமலையில் குண்டூர் நாட்டில் நான் பிறந்து வளர்ந்த வீடு அப்படி.

அந்த வீடு ஒரே ஒரு காலத்தில் மட்டும் மனம் திறந்து பேசியது. 2020-இல் கொரோனாவுக்காகச் சபையின் கதவை அடைத்து, ஞாயிறு ஆராதனை வீட்டுக்குள் வந்த மாதங்கள் அவை. அவற்றை நினைத்து நான் இன்னமும் ஏங்குகிறேன். அந்த நோய்க்கு உறவைப் பறிகொடுத்தவர்களுக்கு இது உறுத்தலாம். நோய் திரும்பி வரவே வேண்டாம். அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பாயில் கேட்ட ஜெபங்கள் மட்டும் திரும்ப வேண்டும் என்றிருக்கிறது.

அப்போது நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். மார்ச் 22 மக்கள் ஊரடங்கு என்று அறிவித்ததுமே பலர் ஊருக்குக் கிளம்பினார்கள், நானும் கிளம்பினேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வீடு சேர்ந்தபோது அண்ணன் ஈரோட்டிலிருந்து வந்திருந்தான். தங்கை நாமக்கல்லில் கல்லூரி விடுதியைக் காலி செய்துவிட்டு வந்திருந்தாள். மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநிலம் முழுக்க 144. மறுநாள் முதல் நாடே அடைத்துக்கொண்டது. நாங்கள் பிள்ளைகள் மூவரும் வேலை, படிப்பு என்று மலை இறங்கிய பிறகு, கிறிஸ்துமஸ் அல்லாத நாளில் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்தது அப்போதுதான்.

மார்ச் 29, முதல் ஞாயிறு. சபைக்குப் போக வேண்டாம் என்றான பிறகும் அப்பா காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்தார். விற்கப் போகாமல் நின்ற மிளகு மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தார். "எல்லாரும் வாங்க, ஆராதனைக்கு நேரமாச்சு" என்றார், ஐந்து பேரையும் ஊர்க்கூட்டத்தை அழைப்பதுபோல. கீபோர்டு இல்லை, டிரம் இல்லை. அம்மா எடுத்த சுருதியில் எல்லோரும் பாடினோம். அந்தச் சுருதி அப்பாவுக்கு எட்டவில்லை. அவர் ஒரு கட்டை கீழே பாடினார். சபையில் ஒலிபெருக்கிக்குள் மறைந்துபோகும் அம்மாவின் குரலை நான் தனியாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

பிரசங்கம் போனில் வந்தது. வீட்டில் டவர் கிடைக்காது. தோட்டத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் கிடைக்கும். அண்ணன் போய்ப் போதகர் அனுப்பிய குரல்பதிவை இறக்கிக்கொண்டு ஓடி வருவான். போனை ஒரு எவர்சில்வர் சொம்புக்குள் வைத்தால் சத்தம் கொஞ்சம் கூடும். சொம்புக்குள்ளிருந்து போதகர் பேசுவார், நாங்கள் தலை கவிழ்ந்து கேட்போம். காணிக்கைக்கு ஒரு தகர டப்பா. சபை திறந்தால் கொண்டுபோய்ச் சேர்ப்பதென்று, நாங்கள் ஆயா என்று கூப்பிடும் பாட்டி வாரம் தவறாமல் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போடுவாள்.

அதற்குப் பிறகுதான் ஒருவர் பின் ஒருவராகச் செய்யும் சங்கிலி ஜெபம். சபையில் போதகர் எல்லோருக்காகவும் ஜெபிப்பார், நாங்கள் ஆமென் சொல்வோம். வீட்டில் அவரவர் வாய் திறந்தாக வேண்டும். முதல் வாரம் எல்லோரும் நாட்டுக்காகவும் மருத்துவர்களுக்காகவும் ஜெபித்து முடித்துக்கொண்டோம். இரண்டாம் வாரமும் அப்படியே. உயிர்த்தெழுந்த ஞாயிறு ஏப்ரல் 12-இல் வந்தது. விடியற்கால ஆராதனைக்கு மேடுகளிலிருந்து டார்ச் அடித்துக்கொண்டு இறங்கும் சனம் இல்லை. இருட்டில் எழுந்து எங்கள் திண்ணையில் நாங்கள் மட்டும் உட்கார்ந்தோம். அன்றுதான் அப்பா உடைந்தார். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வெளியில் வட்டிக்கு வாங்கியிருந்தார். வியாபாரி மலையேறவில்லை, மிளகு நிற்கிறது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. "பிள்ளைங்க முன்னாடி தலைகுனிய விட்றாதேயும் ஆண்டவரே" என்றார். பிள்ளைகள் அவர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்தது அம்மாவின் முறை. வெகுநேரம் பேசவில்லை. பிறகு, இடது கை ராத்திரியில் மரத்துப்போகிறது, ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது, நீரே தொட்டுச் சுகமாக்கும் என்று இரண்டே வரியில் முடித்தாள். ஜெபம் முடிந்ததும் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தண்ணீர்க் குடத்தை அப்பா தூக்கிக்கொண்டு போனார். என் கையிருப்பையும் அண்ணனுடையதையும் சேர்த்து அம்மாவிடம் கொடுத்தோம். அவள் எண்ணிப் பார்க்காமல் அப்பாவிடம் கொடுத்தாள். ஆண்டவர் கேட்டாரா என்று தெரிய நாளாகலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அன்றே கேட்டுவிட்டார்கள். வீட்டு ஜெபத்தின் பெரிய நன்மை இதுதான் என்று நான் நம்புகிறேன். ஒருவர் எதற்காக மன்றாடுகிறார் என்று தெரிந்தபின் அவரைத் தனியே விட முடியாது.

கடைசி முறை எப்போதும் ஆயாவுடையது. ஆயாவுக்கு எழுத்து தெரியாது. அவள் ஜெபம் எங்கள் வீட்டு வாசலில் கிளம்பி, ஒற்றையடிப் பாதையில் நடந்து போகும். பலாமரத்து வீடு, கிணத்து மேட்டு வீடு, ரெண்டு பேரும் பேசிக்காத அண்ணன் தம்பி வீடு, போன மாசம் குழந்தை பெத்த வீடு என்று வரிசை மாறாமல் ஒவ்வொரு வாசலிலும் நின்று அந்த வீட்டின் கவலையைச் சொல்வாள். எங்கள் பாதையில் சபைக்கு வருகிற வீடுகள் கொஞ்சம்தான். ஆயாவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பூசாரி வீட்டு வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாள். "அவங்க கோயிலும் பூட்டிக் கெடக்குது, அவங்களுக்கும் மனசு தவிக்கும்ல, பார்த்துக்கும் சாமி" என்பாள். அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வெளியூர்ச் சனம் வராதபோது அதையும் ஜெபத்தில் வைத்தாள்.

பூசாரி வீட்டை ஆயா விட்டுவிடாததற்கு இந்த மலையில் ஒரு பழைய காரணம் உண்டு. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் 1913-இல் சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி வாழவந்தி நாட்டில் குடியிருந்தார்கள். மருந்து கொடுத்தார்கள், நரம்புச்சிலந்தி எடுத்தார்கள், பள்ளி வைத்தார்கள். சனம் மருந்துக்கு வந்தது, வேதத்துக்கு வரவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். 1918-19-இல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன இன்ஃபுளுவென்சா இந்த மலைக்கும் ஏறியது. சொந்தக்காரர்களே நோயாளியின் பக்கம் போகப் பயந்தபோது, பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். எதிர்த்த பூசாரியும் அவர் மனைவியும் படுத்தபோது அந்த வீட்டுக்கும் போனார்கள். அந்தத் தம்பதி பிழைக்கவில்லை. தன் பெண் குழந்தையைப் பிராண்ட் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பூசாரி கண்ணை மூடினார். ரூத் என்று பெயரிட்டு அவர்கள் வளர்த்தார்கள். மலைமக்கள் ஒவ்வொருவராகச் சபைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

ஜெஸ்ஸி பிராண்ட் 1929 ஜூன் 15-இல் காய்ச்சலில் இறந்தார். எவலின் அம்மையார் பல மலைகளில் ஊழியம் செய்து 95 வயதில், 1974-இல் காலமானார். கணவருக்குப் பக்கத்திலேயே இந்த மலையில் அடக்கம். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் விரித்துக் காட்டிய வேலூர் டாக்டர் பால் பிராண்ட் அவர்கள் மகன். 1914-இல் பிறந்து, சிறுவயதில் இங்கே வளர்ந்தவர். இதெல்லாம் எங்கள் சபைகளில் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. ஊரடங்கில் வீட்டுப் பாயில் உட்கார்ந்தபோதுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது. இந்த மலையில் சபை முளைத்த இடம் ஒரு வீடு. அதுவும் பூசாரியின் வீடு, நோய்ப்படுக்கைப் பக்கம்.

வீட்டால் முடியாததும் இருந்தது. திருவிருந்து இல்லை. அப்பமும் ரசமும் போதகர் கையால் வாங்காமல் மாதங்கள் போனது ஆயாவுக்குத் தாங்கவில்லை. உறவில் ஒரு பெரியவர் இறந்தபோது நாலு பேர் நின்று அடக்கம் செய்தோம். பாட்டுக்குக் குரல் போதவில்லை. கூடி வருகிற சபையின் அருமை தெரிந்ததும் அப்போதுதான். ஊராட்சிகளில் சிறிய வழிபாட்டிடங்கள் ஜூலையிலும் மற்றவை செப்டம்பர் 1-இலும் திறந்தன. 2021 ஏப்ரல் 26-இல் மறுபடி மூடி, ஜூலை 5-இல் திறந்தார்கள். ஆகஸ்டு முதல் அக்டோபர் நடுவரை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுக்குத் தடை. எங்களுக்கு இருப்பதே ஞாயிறுதான். அந்த ஞாயிறுகளிலும் பாய் விரித்திருப்பார்கள். அதற்குள் நான் திருப்பூர் திரும்பியிருந்தேன்.

பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. சபை நிரம்பியது, கீபோர்டு வந்தது, தகர டப்பா காணிக்கை போய்ச் சேர்ந்தது. வீட்டு ஆராதனை நின்றுபோனது. ராத்திரி படுக்குமுன் அப்பா செய்யும் சின்ன ஜெபம் மட்டும் மிச்சம். நான் இப்போது போகும் திருச்சபையில் திரை உண்டு, நல்ல பாடகர் குழு உண்டு, உருக்கமாகப் பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. பக்கத்து நாற்காலிக்காரர் எதற்காக அழுகிறார் என்று எனக்குத் தெரியாது. ஞாயிறு சாயங்காலம் போன் பண்ணி, "ஜெபம் பண்ணுங்கப்பா" என்பேன். பண்ணுவார். என் வேலைக்காகவும் சுகத்துக்காகவும் ஜெபிப்பார். தன் கடனைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தை வராது. அம்மாவின் கையும் வராது.

ஆயா இப்போது இல்லை. அவள் போன வழியில் வீடு வீடாக ஜெபிக்க நானும் முயல்கிறேன். பலாமரத்து வீடு, கிணத்து மேட்டு வீடு வரைக்கும் வருகிறது. அதற்குமேல் எந்த வீட்டில் என்ன கவலை என்று கீழ்நாட்டில் இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? ஊரில் இருந்தால்தான் அந்த ஜெபம் வரும்.

ஆயாவின் ஜெபம் எப்போதும் மலை இறங்கிப் போன பிள்ளைகளின் பேரைச் சொல்லித்தான் முடியும். திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று ஊர் பேரோடு சொல்வாள். 2020-இல் அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, "எல்லாம் வீட்ல இருக்குதுங்க, ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லி ஆமென் போட்டாள். எத்தனையோ ஜெபங்களில் என் பேர் வந்திருக்கிறது. என் பேரைச் சொல்லத் தேவையில்லாமல் போன அந்த ஜெபத்துக்குத்தான் மனசு ஏங்குகிறது.