மாயர் நகர்களிற் சில நாட்கள்

சென்ற கோடை விடுமுறையில், மெக்ஸிக்கோ தேயத்தைச் சார்ந்த யூக்கத்தான் தீபகற்பத்திற்குச் சென்று, மாயர் என்னும் பழம்பெருங் குடியினர் எடுத்த நகரங்களிற் சிலவற்றைக் கண்டு மீளும் பேறு எமக்கு வாய்த்தது. எம் சிறிய தந்தையார் தொழில் காரணமாக ஆண்டுள்ள மெரிடா நகரில் வசித்து வருகின்றார். ஸ்பானிய மொழி நன்கறிந்த அவரே எமக்கு இல்லமும் உணவும் நல்கியதோடு, வழித்துணையாகவும் மொழித்துணையாகவும் உடன் வந்தார். கண்டவை அனைத்தையும் விரித்துரைக்கப் புகின் இச்சஞ்சிகையின் பக்கங்கள் போதா. ஆதலின், சிச்சேன் இட்ஸா, இஸாமல், மானி என்னும் மூன்றூர்களில் எம் உள்ளத்தைத் தொட்டவற்றை மட்டும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண் அந்நாட்டின் நிலவியல்பைக் கூறுதல் வேண்டும். யூக்கத்தானின் வடபகுதி முழுவதும் சுண்ணாம்புப் பாறையாலாயது. மழைநீர் அப்பாறையின் வழியே இறங்கிவிடுதலின், தரையின்மீது ஓடும் ஆறு ஒன்றேனும் ஆண்டுக் காண்பதரிது. நீரெல்லாம் நிலத்தின் கீழே ஓடுகின்றது. மேற்பாறை இடிந்து வீழ்ந்த இடங்களில் வட்டமான பெருங் கிணறுகள் இயற்கையாகவே அமைந்துள்ளன. இவற்றை ஸ்பானியர் 'செனோட்டே' என்பர். அச்சொல்லும் மாயர் மொழியினின்று அவர் பெற்றதே. சிச்சேன் இட்ஸா என்னும் பெயருக்கும் 'இட்ஸா மக்களின் கிணற்றுவாய்' என்பதே பொருள். ஆறு வளர்த்த நாகரிகங்களைப் பற்றிப் பாடநூல்களிற் பலவாறு பயின்றுள்ளோம். கிணறு வளர்த்த நாகரிகத்தை ஈண்டே கண்டோம்.

மெரிடாவினின்று ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீட்டர் கிழக்கே சென்று, காலை எட்டு மணியளவில் சிச்சேன் இட்ஸாவை அடைந்தோம். வாயிலைக் கடந்து சிறிது தொலைவு மரநிழலில் நடந்ததும், பரந்த வெளியின் நடுவே குகுல்கான் கோயில் எழுந்து நின்றது. குகுல்கான் என்பது இறகுடைய பாம்பு வடிவினதாக அம்மக்கள் வழிபட்ட தெய்வம். ஒன்பது அடுக்குகளாக உயர்ந்து, உச்சியில் ஒரு சிறு மாளிகையைத் தாங்கி, முப்பது மீட்டர் உயரத்திற்கு நிற்கும் அக்கட்டடத்தின் நாற்புறமும் படிவரிசைகள் உள. ஒவ்வொரு வரிசையிலும் தொண்ணூற்றொரு படிகள். நான்கும் சேர்ந்து 364. உச்சிமேடையையும் ஒரு படியாக எண்ணின் 365. நடுவிற் படிவரிசை பிளப்பதனால் ஒன்பது அடுக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் பதினெட்டாகத் தோன்றுகின்றன. மாயரின் ஆண்டு, இருபது நாட்கொண்ட பதினெட்டு மாதங்களும் எஞ்சிய ஐந்து நாட்களும் உடையது. எனவே அம்மலை வெறுங் கோயிலன்று. கல்லில் எழுதிய பஞ்சாங்கமுமாம்.

பகலும் இரவும் ஒத்த நாட்களில், மாலை வெயில் வடக்குப் படிவரிசையின் பக்கச் சுவரில் முக்கோணங்களாக விழ, அடியிலுள்ள பாம்புத் தலையோடு சேர்ந்து, பெரும் பாம்பொன்று இறங்கி வருவதுபோலத் தோன்றுமாம். யாம் சென்றது மே மாதமாதலின் அக்காட்சியைக் கண்டிலோம். ஆயின், அம்மாதத்தின் பிற்பகுதியில் ஞாயிறு நண்பகலில் நேரே தலைக்கு மேல் வருவதனால், எம் நிழல் எம் காலடியிலேயே ஒடுங்கியது கண்டு வியந்தோம். படிகளின் எதிரே நின்று கைதட்டினால், எதிரொலி ஒரு பறவையின் கூவல் போலத் திரும்பி வருகின்றது. படிகளில் ஏறுதலோ 2006 ஆம் ஆண்டு முதல் விலக்கப்பட்டுள்ளது. இக்கோயிலின் உள்ளே இதனினும் பழைய கோயிலொன்று மறைந்துள்ளது; அதனுள் பச்சைமணிக் கற்கள் பதித்த சிவந்த சிறுத்தை வடிவான இருக்கையொன்றை 1930களில் ஆய்வாளர் கண்டனர். அதற்கும் உள்ளே மூன்றாவது கட்டடம் ஒன்றுண்டென 2016 இல் அறிவித்தனர்.

அருகில் 168 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் உள்ள பந்தாட்டக் களம் இருக்கின்றது. இருபுறச் சுவர்களின் உயரத்திற் கல்வளையங்கள் பொருத்தப்பட்டுள. சுவரின் அடியில், தலை துணிக்கப்பட்ட ஆட்டக்காரன் ஒருவனையும், அவன் கழுத்தினின்று குருதி பாம்புகளாகப் பெருகுவதையும் செதுக்கியுள்ளனர். வடக்கே செல்லும் பழைய பாதையின் முடிவில் பலியிடுங் கிணறு உள்ளது. எட்வர்டு தாம்ஸன் என்னும் அமெரிக்கர் அந்நிலத்தை விலைக்கு வாங்கி, 1904 முதல் அக்கிணற்றைத் துழாவிப் பொன்னும் பச்சைமணியும் நறும்பிசினும் மாந்தர் எலும்பும் எடுத்து, ஹார்வர்டு பல்கலைக்கழகக் காட்சிச்சாலைக்கு அனுப்பினார். அவற்றுள் ஒரு பகுதி பிற்காலத்தில் மெக்ஸிக்கோவிற்கு மீண்டது. அழகும் அச்சமும் ஓரிடத்தே விரவியிருத்தலை யாம் மறைத்தல் கூடாது. வெள்ளியின் போக்கினைப் பிழையின்றிக் கணித்த அறிவும், உயிர்ப்பலியிட்ட கையும் ஒரே மக்களுடையனவே. எம்மக்களின் வரலாற்றிலேனும் இத்தகைய கலப்பு இல்லையென எவர் கூற வல்லார்?

எமக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் ஐம்பது வயது கடந்த மாயர் ஒருவர். மரமுகங்களும், ஊதினாற் சிறுத்தையின் உறுமல் எழும் ஊதுகுழல்களும் விற்போர் வழிநெடுக இருந்தனர். அவர்களோடெல்லாம் அவர் தம் மொழியிலேயே உரையாடிச் சென்றார். எம்முடன் நின்ற பயணி ஒருவர், "இத்துணைப் பெருமை வாய்ந்த மாயர் எங்கே மறைந்தனர்?" என்று வினவினார். வழிகாட்டி முறுவலித்து, "ஐயா, யான் இன்று காலை என் வீட்டிற் சோளவடை உண்டு, பேருந்தேறி இங்கு வந்தேன்" என்றார். அனைவரும் நகைத்தனர். அவர் மட்டும் சிறிது நேரம் வாளாவிருந்தார்.

உண்மையும் அதுவே. தென்பகுதிக் காடுகளிலிருந்த பெருநகரங்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. ஆயினும் மக்கள் அழிந்திலர். இட்ஸா மக்களின் தலைநகராகிய நோஹ்பெத்தேன் 1697 இல்தான் ஸ்பானியர் கைப்பட்டது. இன்றும் மாயர் மொழிக் குடும்பத்தில் ஏறத்தாழ முப்பது மொழிகள் வழங்குகின்றன. யூக்கத்தான் மாயமொழியை மட்டும் ஏழு இலட்சத்தின் மேற்பட்டோர் பேசுகின்றனர். எம் வழிகாட்டி, தாம் சிறுவராயிருந்தபோது பள்ளியில் அம்மொழி பேசியதற்காக அடிபட்டதையும், இப்பொழுது தம் மகள் பண்டை மாய எழுத்தில் தன் பெயரை எழுதக் கற்றிருப்பதையும் கூறினார். கூறியவர் குனிந்து, புழுதியில் விரலால் அவ்வெழுத்தை வரைந்து காட்டினார். சுற்றிநின்ற கற்களைக் காட்டிலும் அப்புழுதியெழுத்தே எம் நினைவில் ஆழப் பதிந்தது.

மறுநாள் இஸாமலுக்குச் சென்றோம். ஊர் முழுதும் மஞ்சள் வண்ணம் பூசிய அவ்வூரின் நடுவே, உயர்ந்த மேடையின்மீது பாதுவா நகர் அந்தோணியார் பெயரால் விளங்கும் துறவியர் மடம் இருக்கின்றது. அம்மேடை முன்னர் மாயர் கோயிலின் அடித்தளம். மடத்தின் சுவர்களிலும் பழங்கோயிற் கற்களே அமைந்துள்ளன. தூண்வரிசை சூழ்ந்த அகன்ற முற்றத்தில் நின்றபோது, கோயில் மணி ஒலித்தது. யாமும் தலைதாழ்த்திச் செபித்தோம். ஆயினும், அடியிலுள்ள கல் எவருடையது என்னும் எண்ணம் எம்மை விட்டகலவில்லை. இம்மடத்தை எழுப்பியவருள் முதன்மையானவர் பிரான்சிஸ்கன் சபைத் துறவியாகிய தியேகோ தெ லாந்தா என்பவர். அவர் பெயரே எம்மை மானிக்கு அழைத்துச் சென்றது.

மானி ஒரு சிற்றூர். அகன்ற புல்வெளியும், அதன் எதிரே மிக்கேல் தூதர் பெயரால் அமைந்த பழைய கோயிலும் மடமுமே ஆண்டுள்ள காட்சி. 1562 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஞானஸ்நானம் பெற்ற மாயர் பழைய தெய்வங்களை மறைவில் வழிபட்டனரென்று, லாந்தா அவர்களை வதைத்து விசாரணை நடத்தி, உருவங்களோடு அவர்தம் ஏடுகளையும் அவ்விடத்தே தீக்கிரையாக்கினார். மரப்பட்டையைத் தட்டிச் சுண்ணம் பூசி, மடிப்பு மடிப்பாகச் செய்த ஏடுகள் அவை. அவற்றை எரித்ததனால் மக்கள் பெரிதும் வருந்தினர் என்பதனை அவரே எழுதி வைத்துள்ளார். இன்று உலகில் எஞ்சிய மாயர் ஏடுகள் நான்கே: திரெஸ்தன், மத்ரித், பாரிஸ் நகரங்களில் ஒவ்வொன்றும், 2018 இல் மெய்யானதென உறுதிசெய்யப்பட்டு மெக்ஸிக்கோவிலுள்ள ஒன்றுமாம். அந்தோ! ஓர் இனத்தின் நூற்செல்வம் முழுதும் நான்கு ஏடுகள்! தமிழிலக்கியம் பயிலும் எமக்கு, ஏடு எரிதல் என்னுஞ் சொல்லே நெஞ்சைச் சுடுவது.

அப்புல்வெளியில் நின்று எம் சிறிய தந்தையாரை நோக்கி, "சித்தப்பா, இதனைச் செய்தவரும் நாம் சொல்லும் செபத்தையே சொன்னவர் அல்லரோ?" என்றோம். அவர், "தம்பி, ஆம். அதனை மறுத்தற்கில்லை. ஆனால் அவ்வாண்டே இந்நாட்டிற்கு வந்த ஆயர் தொராலும் அதே சபையினர்தாம். லாந்தாவின் செயலைக் கண்டித்து, சிறைப்பட்டோரை விடுவித்தவரும் அவரே. ஒரே மறைநூலை இருவர் கற்றனர். நீ யாரைப் பின்பற்றுவாய் என்பதே கேள்வி" என்றார்.

நிற்க. இவ்வரலாற்றில் வியத்தகு செய்தி இன்னும் ஒன்றுண்டு. தம் செயலுக்கு விடை கூறுமாறு ஸ்பெயினுக்குச் சென்ற லாந்தா, 1566 ஆம் ஆண்டளவில் யூக்கத்தானைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிற்றைநாளிற் குற்றமற்றவரெனத் தீர்க்கப்பட்டு, அந்நாட்டிற்கே ஆயராக மீண்டு, 1579 இல் இறந்தார். அவர் தம் நூலில் மாய எழுத்துக்கள் சிலவற்றை வரைந்து, ஸ்பானிய எழுத்துக்களுக்கு நேராகக் குறித்திருந்தார். அவர் எழுத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க, மாயப் புலவர் அவ்வோசைக்குரிய அசையெழுத்தை எழுதிக் காட்டினர் போலும். நம் உயிர்மெய்யெழுத்துப் போல, மெய்யும் உயிரும் கூடிய ஓசைக்கு ஒரு குறியும், முழுச்சொல்லுக்கு ஒரு குறியுமாகக் கலந்து எழுதுவது அவர் மரபு. அக்குறிப்பையே திறவுகோலாகக் கொண்டு, யூரி க்னோரோஸோவ் என்னும் சோவியத் அறிஞர் 1952 இல் அவ்வெழுத்தைப் படிக்கும் வழியைக் காட்டினார். தத்தியானா புரொஸ்கூரியாகோவ் என்னும் அம்மையார் 1960 இல், கல்வெட்டுக்களிலுள்ளவை அரசர்தம் பிறப்பும் ஆட்சியுமே என நிறுவினார். இன்று பெரும்பான்மையான கல்வெட்டுக்கள் படிக்கப்படுகின்றன. எரித்த கையே திறவுகோலையும் விட்டுச் சென்றது. ஆயினும், பின்னர் விளைந்த நன்மையால் முன்னர் மூட்டிய தீ நியாயமாகிவிடாது. திறவுகோல் இருந்தும், திறத்தற்கு உரிய பேழைகள் சாம்பலாயின அல்லவா?

மானிக் கோயிலின் வாயிலில் வெள்ளை உடையில் பூவேலை செய்த மூதாட்டியார் ஒருவர் பழம் விற்றுக்கொண்டிருந்தார். யாம் சில வாங்கிக் காசு கொடுத்தபோது, "தியோஸ் போட்டிக்" என்றார். மாயமொழியில் நன்றி கூறும் முறை அது. 'கடவுள் உமக்குக் கைம்மாறு தருவார்' என்பது பொருள். தியோஸ் என்னும் ஸ்பானியச் சொல் அவர் மொழியிற் கலந்து, அவர்க்கே உரியதாகிவிட்டது. மணி ஒலித்ததும் கூடையை மூடிவைத்து, கோயிலினுள்ளே சென்று முழந்தாளிட்டார். அவர்தம் முன்னோரின் ஏடுகளை எரித்தவர் கொணர்ந்த மறையை, அவர் மனமுவந்து தமதாக்கிக் கொண்டுள்ளார். முன்னோரின் மொழியையும் கைவிட்டிலர். தீயினால் இவ்விரண்டும் நிகழவில்லை. அம்மறையின் அன்பும் அம்மக்களின் பொறுமையுமே இதனைச் செய்திருத்தல் வேண்டும்.

நண்பர்காள்! பழநகர்களைக் காணச் செல்வோர் கற்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்புதல் எளிது. கற்களின் நிழலில் நின்று பொருள் விற்போரிடம் ஒரு சொல்லேனும் அவர் மொழியிற் கற்று வருதல் அத்துணை எளிதன்று. ஆயினும் அதுவே பயணத்தின் பயன். பிறர் தெய்வத்தையும் பிறர் நூலையும் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், அந்நூலைப் படிக்கக் கற்றல் நம் கடமை. கல்லூரியில் யாம் பயிலுங் கல்வியெல்லாம் இவ்வொன்றிற்கே பயிற்சியென இப்பொழுது கருதுகின்றோம். நம்பிக்கையிற் குறைந்தோமில்லை, ஆயின் கையில் விளக்கேந்துவோர் அதன் சுடர் எவர் ஏட்டின்மீது சாய்கின்றதென்று நோக்கி நடத்தல் வேண்டும்.