திறப்பு யார் கையில்?

2021இல் எங்கள் ஆசிரிய பீடத்தில் பழைய கணனிகளை அகற்றிவிட்டு, மேசைக்கொன்றாகச் சிறு பெட்டிகளை வைத்தார்கள். 'தின் கிளையன்ட்' என்று பெயர். நாம் எழுதுவது எதுவும் அதனுள் தங்குவதில்லை. நமது கணனி கீழ்த்தளத்துச் சேர்வரில் இயங்குகிறது. அதன் திரைக்காட்சியை மட்டும் பெட்டி நமக்குக் காட்டுகிறது. 1960களில் பெருங்கணனி ஒன்றைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய முறையின் மறுபிறவிதான் இது.

பொருத்த வந்த இளைஞர், கலைப் பட்டதாரியான எனக்கும் விளங்கும்படி சொன்னார். மின்சாரம் கிடைத்ததும் பெட்டி வலையமைப்பிடம் தனக்கொரு முகவரி கேட்கும். அமைப்புக் கோப்பு இருக்கும் இடமும் அந்தப் பதிலோடு வரும். அக்கோப்பை வாசித்து, உரிய சேர்வரோடு தானாகவே இணைந்துகொள்ளும். கோப்பொன்றைத் திருத்தினால் எல்லா மேசைகளும் திருந்திவிடும்.

"சேர், உங்கட பாஸ்வேர்ட்டையும் இதில போட்டுவிடட்டா? ஒவ்வொரு நாளும் அடிக்கத் தேவையில்லை" என்றார். சோம்பல் யாரை விட்டது? சம்மதித்தேன்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நீடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஜெனரேற்றர் சேர்வர் அறைக்கு மட்டுமே போதுமாயிருந்தது. ஒருநாள் கட்டுரையொன்றின் நடுவே அறை இருண்டது. தேநீர் அருந்தப் போனேன்.

திரும்பி வந்தபோது மின்சாரம் வந்திருந்தது. பெட்டி தானாகவே உயிர்பெற்று, தானாகவே இணைந்து, என் கடவுச்சொல்லையும் தானே கொடுத்திருந்தது. இணைப்பு அறுந்தாலும் சேர்வரில் நமது வேலை மூடப்படுவதில்லை. ஆகவே பாதியில் நின்ற வாக்கியம் அப்படியே திரையில் இருந்தது. அருகே இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டு நின்றார்கள்.

அது 2009இலிருந்து மகனைத் தேடிவரும் தாயொருவரின் வாக்குமூலம். பெயரும் ஊரும் மேலே தெளிவாக இருந்தன. "என்ர பேரைப் போட்டிடாதையுங்கோ, தம்பி" என்று அவர் கேட்டிருந்தார். நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

நின்றவர்கள் நல்லவர்கள், எதுவும் நிகழவில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. போர்க்காலத்தில் குறிப்பேட்டில் பெயர்களை எழுதாமல் மனத்தில் சுமந்து திரிந்தவன் நான். ஒரு நொடிச் சோம்பலுக்காக அந்த ஒழுக்கத்தைக் கைவிட்டிருந்தேன்.

மறுநாள் இளைஞரை அழைத்து, கடவுச்சொல்லை நீக்கச் சொன்னேன். சேர்வரோடு இணைவது வேறு, என் பெயரில் உள்ளே நுழைவது வேறு. முன்னது தானாக நடக்கலாம். நூலகத்தில் நூற்பட்டியல் பார்க்கும் பொதுக் கணனியென்றால் பின்னதும் நடக்கலாம்; அங்கே காக்க வேண்டிய இரகசியம் எவருக்கும் இல்லை. செய்தியாளனின் மேசை அப்படிப்பட்டதல்ல.

இப்போது பெட்டி வாசல்வரை தானாகவே போய் நிற்கிறது. திறப்பு என்னிடம் இருக்கிறது. ஆனால் சேர்வரை நிர்வகிப்பவரிடமும் ஒரு திறப்பு இருக்குமல்லவா? அதனால் அந்தத் தாயின் பெயரை அதிலிருந்து அழித்துவிட்டேன். அது பழையபடி என் மனத்திலேயே இருக்கிறது.