ஊடைக்கு ஓர் அட்டை

ஆரணிக்குப் பட்டுச்சேலை எடுக்க வருகிறவர்கள் கடைவீதியோடு திரும்பிவிடுகிறார்கள். காகிதத்தில் கைவேலை செய்கிறவர்கள் பார்க்க வேண்டியது, அதற்குப் பின்னால் தறிச்சத்தம் கேட்கும் சந்துகளில் இருக்கிறது. சேலையில் வரும் மயிலும் மாங்காயும் அன்னமும் முதலில் கட்டம் போட்ட தாளில் பிறக்கின்றன. அங்கிருந்து அட்டைக்குப் போய்த் துளைகளாகின்றன. அந்த அட்டைகளை நூலால் கோத்த பிறகுதான் டிசைன் தறிக்கு ஏறுகிறது. கல்யாண ஆல்பம், பிறந்தநாள் ஸ்கிராப்புக், வாழ்த்து அட்டை என்று பல வருடமாகக் காகிதத்தோடே இருக்கும் எனக்கு, இந்த அட்டைவேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஆரணி ரோடு என்ற பெயரில் இருக்கும் ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, களம்பூரில் இருக்கிறது. நான் ஆற்காட்டிலிருந்து பஸ் ஏறினேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊர். அரிசி ஆலைகளுக்கும் பட்டுக்கும் ஒரே அளவுக்குப் பேர்பெற்றது. தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிகள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

அட்டை அடிக்கும் இடம் ஒரு வீட்டின் முன்னறை. சுவரோரம் சாம்பல் நிற அட்டைக் கட்டுகள், மேசைமேல் கிராஃப் தாள், தரையில் பொட்டுப் பொட்டாக உதிர்ந்த காகிதத் துகள். அங்கிருந்த அண்ணன் நிமிராமலே உட்காரச் சொன்னார். கையில் பாதி முடிந்த வேலை, நடுவில் விட்டால் வரிசை தவறிவிடும்.

கிராஃப் தாளைத்தான் நான் முதலில் பார்த்தேன். எட்டு எட்டுக் கட்டத்துக்கு ஒரு கனத்த கோடு. சிவப்பு மையில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வரைந்த இருதலைப் பட்சி. கிட்டே பார்த்தால் வெறும் கட்டங்கள், தள்ளி நின்றால் இறகின் வளைவுகூடத் தெரிகிறது. ஆனால் பறவை கொஞ்சம் நெட்டையாக இருந்தது. கேட்டேன்.

"துணியில வரும்போது சரியாயிடும்மா. பாவு இழை நெருக்கம் வேற, ஊடை நெருக்கம் வேற. ஒரு அங்குலத்துக்குள்ள ரெண்டும் ஒரே எண்ணிக்கை வராதில்ல. அதுக்குத் தக்கனதான் கட்டம் எடுக்கணும். ஸ்கூல் பசங்க கிராஃப் நோட்டுல வரைஞ்சா யானை நாய் மாதிரி வந்துடும்."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழை, ஊடை குறுக்கே ஓடும் இழை. தாளில் சரியாகத் தெரிவது துணியில் சரியாக இருக்காது என்று தெரிந்தே, தாளில் வேண்டுமென்று நீட்டி வரைந்திருக்கிறார்கள். வேறொரு பொருளில் போய் முடியும் காகித வேலைக்கே உரிய கணக்கு இது. எனக்கு மிகவும் பிடித்தது.

கிராஃப் தாளில் படுக்கையாக ஒரு வரிசை என்றால் ஓர் அட்டை. அந்த அட்டை தறியில் ஓர் ஊடைக்கு. நிரப்பிய கட்டம் என்றால் துளை, வெறும் கட்டம் என்றால் விட்டுவிட வேண்டும். துளைகள் போட்ட இரண்டு இரும்பு பிளேட்டுக்கு நடுவில் அட்டையைச் செருகி, கிராஃபில் விரலை நகர்த்திக்கொண்டே அவர் அடித்துக்கொண்டு போனார். "ரெண்டு விடு, மூணு அடி, ஒண்ணு விடு" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஓர் அட்டை முடிந்ததும் ஓரத்தில் பேனாவால் எண் போட்டார். அட்டை இடம் மாறினால் மயிலின் கழுத்து அறுந்து தோகைக்குப் போய்விடும். எண்தான் காவல்.

அட்டையின் இரு முனையிலும் பெரிய துளைகள் சில இருக்கின்றன. அவை டிசைனுக்கானவை அல்ல. தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் சுழலும் சதுர உருளையின் முளைகளில் அட்டை வந்து உட்காருவதற்கு. அதற்குப் பக்கத்தில் உள்ள சின்னத் துளைகள் கோக்கும் நூலுக்கு. ஒரே அட்டையில் மூன்று வேலைக்கு மூன்று விதத் துளை. அழகுக்கென்று ஒன்றுகூட இல்லை, ஆனாலும் முழு அட்டையும் அழகாக இருக்கிறது. கடையில் பூவும் பட்டாம்பூச்சியுமாகத் துளை போடும் பஞ்ச் வாங்கி, பக்கத்தின் ஓரமெல்லாம் குத்தித் தள்ளும் நம் ஸ்கிராப்புக் பழக்கத்தை அந்த நேரம் நினைத்துக்கொண்டேன்.

தரையில் கிடந்த பொட்டுகளை அள்ளிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஒரு காகிதப் பையில் போட்டே கொடுத்தார். ஒளி ஊடுருவும் தாளில் சின்னப் பை செய்து, அதற்குள் இவற்றைப் போட்டு வாழ்த்து அட்டையில் பதித்தால், ஆட்டும்போது சரசரவென்று ஓடும். கடையில் விற்கும் பளபளப்புப் பிளாஸ்டிக் துகளைவிட இது நல்லது, கீழே சிந்தினாலும் மண்ணில் மக்கும்.

துளையிட்ட அட்டையை வைத்து நெய்யும் இந்த முறையின் வேர் பிரான்சின் லியோன் நகரத்தில் இருக்கிறது. அதுவும் பட்டு நெய்யும் ஊர்தான். 1725-இல் பசில் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளை வைத்துத் தறி நூலைத் தேர்ந்தெடுக்க வழி கண்டார். சுருள் கிழிந்தால் எல்லாம் போச்சு. 1728-இல் ஃபால்கோன் அதை வெட்டி, தனித்தனி அட்டைகளாக்கி நூலால் சேர்த்தார். பழுதான அட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி அப்போதுதான் வந்தது. 1804-இல் ஜோசப் மரி ஜக்கார்டு இவற்றையெல்லாம் ஒரே பெட்டியில் கூட்டி முடித்தார். பேர் அவருக்குப் போனது. காகிதக்காரர்கள் ஃபால்கோனை நினைக்க வேண்டும். பக்கத்தைத் தனியாக்கி மறுபடி நூலால் சேர்த்தது அவர்தான். அதே லியோனில் 1886, 1887-இல் ஒரு ஜெபப் புத்தகத்தை, எழுத்தும் ஓர அலங்காரமும் சேர்த்து, பக்கம் பக்கமாகப் பட்டிலேயே நெய்தார்கள். அச்சே கிடையாது. அதற்கு வேண்டியிருந்த அட்டைகள் லட்சக்கணக்கில். ஒரு புத்தகத்துக்குள் அத்தனை லட்சம் காகிதப் பக்கங்கள் மறைந்திருக்கின்றன.

நம் பக்கத்தில் ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன் அடை கட்டி நெய்தார்கள். டிசைன் முழுவதும் நூல் முடிச்சுகளாகத் தறியோடு தொங்கும், ஓர் ஆள் இழுத்துக்கொடுக்க வேண்டும். அந்த முடிச்சுகளின் வேலையை இப்போது அட்டை செய்கிறது.

அட்டை கோப்பது பக்கத்து வீட்டில். அக்கா ஒருவர் திண்ணையில் நீளப் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பலகையில் ஒரே இடைவெளியில் முளைகள். அட்டைகளை எண் வரிசையில் அந்த முளைகளில் மாட்டிவிட்டால் அசையாது. பிறகு நூல். ஒரு நூல் இல்லை, ஜோடி நூல். ஒன்று மேலே வரும்போது மற்றொன்று கீழே. அட்டையின் துளையில் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன, ஓர் அட்டையிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் இடைவெளியில் மறுபடி குறுக்கே மாறுகின்றன. எங்கேயும் முடிச்சு இல்லை, பசை இல்லை. இரு நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அட்டையையும் பிடித்துக்கொள்கின்றன.

"ரொம்ப இழுக்கக் கூடாதும்மா. இழுத்தா அட்டை ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். தளர விட்டா முளையில உக்காராது" என்றார். அவர் கை நூலை இழுக்கவில்லை, வைத்துக்கொண்டு போனது.

கோத்து முடித்த சரத்தை அவர் மடித்துக் கட்டியபோது அது விசிறிமடிப்பாக மடிந்தது. ஆல்பம் செய்கிறவர்கள் அக்கார்டியன் மடிப்பு என்று சொல்லி, ஒரே நீளத் தாளில் கோடு கீறி மடித்துச் செய்வது இதைத்தான். நம் முறையில் கெட்டித் தாளைத் திரும்பத் திரும்ப மடித்தால் மடிப்பில் நார் உடைந்து வெள்ளை தெரியும், சில வருடத்தில் கிழியும். இங்கே மடிவது தாளே இல்லை, நூல். தாள் வளையாமல் விறைப்பாகவே இருக்கிறது. ஓலைச்சுவடி கட்டியவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். ஓலையை மடிக்கவில்லை, துளையிட்டுக் கயிற்றில் கோத்தார்கள்.

அட்டை தன் வேலையைச் செய்வதைப் பார்க்கத் தறிவீட்டுக்குள் போனோம். குழித்தறி. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து இரண்டு பக்கமும் தொங்கும் அட்டைச்சரம். நெசவாளி மிதியை அழுத்தியதும் உருளை ஒரு முகம் திரும்பி அடுத்த அட்டையைக் கொண்டுவந்து ஊசிகளில் அழுத்தியது. துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதைச் சேர்ந்த கொக்கி பாவு இழைகளைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி சும்மா நிற்கும். இது 240 கொக்கிப் பெட்டி என்றார். மழைக்காலத்தில் அட்டை ஈரம் குடித்து உப்பினால் துளை ஊசிக்கு நேராக வராது, பூவில் குறை விழும். காகிதத்தின் குணத்தைத் தறிக்காரர்கள் எங்களைவிட நுணுக்கமாக அறிந்திருக்கிறார்கள்.

மச்சில் பழைய அட்டைக் கட்டுகள் தூசியோடு கிடந்தன. இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினிலேயே துளை போட்டுவிடுகிறார்கள். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வைத்தவர்களுக்கு அட்டையே வேண்டாம், பென்டிரைவ் போதும். முதுகும் கையும் தேய உழைத்தவர்களுக்கு அது நிம்மதி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் மச்சில் கிடக்கும் கட்டு ஒவ்வொன்றும் யாரோ கட்டம் கட்டமாக வரைந்து, யாரோ அடித்து, யாரோ கோத்தது. எடைக்குப் போனால் டிசைனும் போய்விடும். ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு சரத்தையும் அதன் கிராஃபையும் ஊரிலேயே ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். நெசவாளர் சங்கங்கள் நினைத்தால் நடக்கும்.

"உங்களுக்கு இன்னாத்துக்கும்மா இந்தப் பழசு?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். பையிலிருந்த ஆல்பத்தைக் காட்டினேன். புரிந்துகொண்டார். ஓரம் நைந்து, இனித் தறிக்கு ஏறாது என்று நெசவாளியே ஒதுக்கிய கட்டு ஒன்று கிடைத்தது. இதைக் கேட்டே வாங்க வேண்டும். பழசாகத் தெரிகிறதே என்று நாமாக எடுத்தால், அடுத்த முகூர்த்தத்துக்கு அதே கரையை யாராவது கேட்கும்போது நடுவில் அட்டை குறையும்.

திண்ணைக்குத் திரும்பி அக்காவிடம் யோசனை கேட்டேன். அட்டை நீளம், ஆனால் அகலம் குறைவு. பெரிய போட்டோ ஒட்ட முடியாது. சின்ன அளவில் பிரிண்ட் போட்டால் ஓர் அட்டைக்கு மூன்று நிற்கும். கடிதத்தின் ஒரு வரி, கல்யாணப் பத்திரிகையின் ஓரம், சேலைக் கரைத் துண்டு எல்லாவற்றுக்கும் இந்த அகலம் தோதானது. ஒரு சிக்கல் உண்டு. தறிக்கான இடைவெளியில் கோத்தால், போட்டோ ஒட்டிய பின் ஆல்பம் மூடாது, வாய் பிளந்து நிற்கும். பக்கத்துக்குப் பக்கம் சேரும் கனத்துக்கு நூலில் இடம் விட வேண்டும். சொன்னதும் அக்கா ஒரு போட்டோவையும் கரைத்துண்டையும் கேட்டு வாங்கி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து மூடிப் பார்த்தார். பிறகு வேறொரு பலகையில் ஆணிகளைத் தள்ளித் தள்ளி அடித்தார். அளவுகோல் எடுக்கவில்லை. கோத்த சரம் போட்டோக்களோடு தட்டையாக மூடியது.

வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு இன்னும் சில. பழைய அட்டை சாதாரணக் கூழில் செய்தது, எண்ணெய்க் கறையும் இருக்கும். போட்டோவை நேராக அதன்மேல் ஒட்டினால் காலப்போக்கில் மஞ்சளாகும். நடுவில் பருத்தித் துணிக்கூழில் செய்த கைத்தாள் ஒரு துண்டு வையுங்கள். புதுச்சேரி ஆசிரமத்துக் கைத்தாள் இதற்கு அருமையானது. போட்டோவின் முதுகில் பசை வேண்டாம். கைத்தாளில் முக்கோணம் மடித்து நான்கு மூலைக்கும் பிடி செய்தால் வேண்டும்போது எடுக்கலாம். பிடிகளை ஒட்ட மைதாப் பசை போதும். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமல் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். நோட்டுக்குச் சரி, ஆல்பத்துக்குக் கூடாது. செம்புச் சத்து காகிதத்தை நாளடைவில் பழுப்பாக்கி நொறுக்கும். கோப்பதற்குப் பட்டு நூல்தான் வேண்டுமென்றால் முறுக்கேற்றியதை வாங்கித் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். முறுக்கில்லாத நூல் துளையின் ஓரத்தில் உரசிப் பிசிறும்.

துளைகளை மறைக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் முதலில் செய்ய நினைப்பது அட்டைமேல் வண்ணத்தாளை முழுதாக ஒட்டி மூடுவதுதான். துளைதான் அந்த அட்டையின் எழுத்து. போட்டோவுக்கு வேண்டிய இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திறந்தே விடுங்கள். பின்னால் கல்யாணச் சேலையின் நிறத்தில் மெல்லிய தாள் வைத்தால், துளை வழியே அந்த நிறம் தெரியும். எண் வரிசையையும் கலைக்க வேண்டாம். முதல் அட்டையின் பின்புறம் டிசைனின் பெயர், எத்தனை கொக்கி, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, எந்த ஊர்த் தறி என்று பென்சிலால் எழுதுங்கள். என் கட்டு தாழம்பூ ரேக்குக் கரையின் ஒரு பகுதி என்று நெசவாளி எண்களைப் பார்த்தே சொன்னார்.

பழைய அட்டைக்கு அந்த வீட்டில் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். கோத்த கூலியை அக்கா தறி அட்டைக்கு வாங்கும் கணக்கிலேயே கேட்டார். ஆணி மாற்றி அடித்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். இன்னும் ஏழெட்டு ஆல்பத்துக்குக் கோத்துத் தர முடியுமா என்று கேட்டதற்கு, தீபாவளிச் சேலை வேலை முடியட்டும் என்றார். "வரும்போது கலர் நூலாவே வாங்கிட்டு வந்துடுங்க. எந்த போட்டோ, எவ்ளோ கனம்னு முன்னாடியே ஒண்ணு குடுத்தனுப்புங்க, பலகையை ரெடி பண்ணி வைக்கிறேன்."